வைரஸ் காய்ச்சல் கண்ணின் ரத்தக்குழாயை அடைக்குமா?

காய்ச்சல் வந்து தணிந்த சில நாள்களிலோ ஓரிரு மாதங்களிலோ ஒருவருக்கு ஒரு கண் மட்டும் திடீரென மங்கிப்போவது உண்டு. வலி இருக்காது, சிவப்பும் இருக்காது, நீர் வடிவதும் இல்லை. காலையில் முகம் கழுவும்போது ஒரு கண்ணைத் தற்செயலாக மூடிப் பார்த்தால்தான் மற்ற கண் சரியில்லை என்பதே தெரியும். கண் மருத்துவர் பாவையை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு, விளக்கொளியில் உள்ளே பார்த்துவிட்டு, ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது என்கிறார். வீட்டில் உடனே எழும் கேள்வி ஒன்றுதான்: போன மாதம் வந்த காய்ச்சல்தான் இதைச் செய்ததா?

கேள்வி நியாயமானது. ஆனால் காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை ஒன்றும் உண்டு. காகம் உட்கார்ந்ததால் பழம் விழுந்ததா, முற்றிய பழம் தானாக விழும் வேளையில் காகம் வந்து உட்கார்ந்ததா? இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவது ஒன்றும் இருக்கிறது: பழம் முற்றித்தான் இருந்தது, காகம் அதை நாலு நாள் முன்னதாக விழவைத்தது. கண்ணின் ரத்தக்குழாய் அடைப்பில் இந்த மூன்றும் நடக்கின்றன. எந்த வைரஸ், எந்தக் குழாய், எந்த நோயாளி என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது.

கடைமடை வயல்

கண்ணின் பின்சுவரில் உள்பக்கமாக ஒட்டியிருக்கும் மெல்லிய படலம் விழித்திரை. ஒளியை நரம்புச் செய்தியாக மாற்றி மூளைக்கு அனுப்புவது அதுதான். அதன் தடிமன் சுமார் கால் மில்லிமீட்டர். எடைக்கு எடை பார்த்தால், உடலிலேயே மிக அதிகமாக ஆக்சிஜனைச் செலவிடும் திசுக்களில் அதுவும் ஒன்று.

இவ்வளவு பசியுள்ள திசுவின் உள்ளடுக்குகளுக்கு ரத்தம் கொண்டுவருவது பெரும்பாலும் ஒற்றைக் குழாய். அதன் பெயர் மைய விழித்திரைத் தமனி. கண்கோளத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் பின்னால் அது பார்வை நரம்புக்குள் புகுந்து, நரம்பின் நடுவாகவே வந்து, விழித்திரையில் நான்கு திசையிலும் கிளைக்கிறது. விழித்திரைக்குள் நுழையும் இடத்தில் அதன் அகலம் சுமார் 0.16 மில்லிமீட்டர், இரண்டு தலைமுடியைச் சேர்த்து வைத்தால் வரும் தடிமன். அங்கிருந்து பிரிந்து பிரிந்து கடைசியில் தந்துகிகளாகிறது. தந்துகியின் உட்புறம், ஒரு ரத்தச் சிவப்பணுவின் அகலத்தைவிடக் குறுகலானது. அணுக்கள் ஒவ்வொன்றாக, உடலை மடக்கி நெளிந்துதான் அதற்குள் போகின்றன.

திரும்பிப் போகும் ரத்தம் மைய விழித்திரைச் சிரை வழியாக வெளியேறுகிறது. தமனியும் சிரையும் கண்ணின் பின்சுவரில், சல்லடைபோல் துளையிட்ட ஒரு தகட்டின் வழியாக, நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன.

காவிரிப் படுகையில் கடைமடை வயலுக்குத் தண்ணீர் வருவதும் இப்படித்தான். பாய்வதற்கு ஒரு வாய்க்கால், வடிவதற்கு ஒரு வடிகால். வாய்க்கால் அடைத்தால் பயிர் காயும். வடிகால் அடைத்தால் தண்ணீர் தேங்கிப் பயிர் அழுகும். கண்ணிலும் அடைப்பு இரண்டு வகை. தமனி அடைத்தால் விழித்திரை வெளிறிப்போகும். பார்வை சில நொடிகளில் அணைந்துவிடும். சிரை அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, குழாய்களின் சுவர் வழியாக ரத்தமும் நீரும் கசியும். விழித்திரை முழுவதும் சிவப்புத் திட்டுகளாகும். நடுப்பகுதி நீர்கோத்துப் பார்வை மங்கும். இரண்டில் சிரை அடைப்பே அதிகம் காணப்படுவது. நீரிழிவால் வரும் விழித்திரை நோய்க்கு அடுத்தபடியாக, விழித்திரை ரத்தக்குழாய் நோய்களில் அது இரண்டாவது இடத்தில் இருக்கிறது. உலகில் சுமார் 1.6 கோடிப் பேருக்கு இது இருப்பதாக 2010இல் வெளியான ஒரு கணக்கீடு சொன்னது.

தமனி அடைப்பு அரிது. ஆனால் அது காத்திருக்காது. சோகன் சிங் ஹேரே என்ற கண் மருத்துவ ஆய்வாளர் குரங்குகளில் செய்த சோதனைகளில், தமனி 97 நிமிடம் அடைபட்டிருந்தும் விழித்திரை மீண்டுவந்தது. 240 நிமிடம் தாண்டியபோது சேதம் பெரிதாகவும் நிரந்தரமாகவும் ஆகிவிட்டது. நான்கு மணி நேரம் என்பது பலருக்கு மருத்துவமனை போய்ச் சேரவே ஆகும் நேரம்.

அடைப்புக்கு மூன்று காரணங்கள்

ரத்தம் குழாய்க்குள் ஏன் உறைகிறது என்பதற்கு ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் ஃபிர்ஹோ 1856இல் எழுதியவற்றிலிருந்து பிற்காலத்தவர் மூன்று காரணங்களைத் தொகுத்தார்கள். ரத்தத்தின் ஓட்டம் தளர்வது ஒன்று. குழாயின் உட்சுவர் புண்படுவது இரண்டாவது. ரத்தமே உறையும் தன்மை மிகுந்துவிடுவது மூன்றாவது. உடலில் எங்கே ரத்தம் உறைந்தாலும் இம்மூன்றில் ஒன்றாவது அங்கே இருக்கும்.

வைரஸ் எதுவும் இல்லாமலேயே கண்ணில் இம்மூன்றும் கூடிவிடும். விழித்திரையில் தமனியும் சிரையும் ஒன்றையொன்று குறுக்காகத் தாண்டும் இடங்கள் பல. அந்த இடங்களில் இரண்டுக்கும் ஒரே உறைதான் போர்த்தியிருக்கிறது, விலகிக்கொள்ள இடமில்லை. ஆண்டுக்கணக்கான ரத்தக் கொதிப்பால் தமனி தடித்து விறைத்துப்போனால், பக்கத்தில் கிடக்கும் மெல்லிய சிரையை அது நசுக்கும். நசுங்கிய இடத்தில் ஓட்டம் தடுமாறும். உட்சுவர் உரசிப் புண்படும். ஒரு நாள் அங்கே ரத்தம் உறைந்துவிடும். கிளைச் சிரை அடைப்பு பெரும்பாலும் இத்தகைய குறுக்குச் சந்திகளில்தான் நிகழ்கிறது.

இதனால்தான் சிரை அடைப்போடு வருகிறவர்களிடம் ரத்தக் கொதிப்பு, நீரிழிவு, கொழுப்பு மிகுதி, கண் நீர் அழுத்த நோய், முதுமை ஆகியவற்றில் ஒன்றாவது பெரும்பாலும் காணப்படுகிறது. தமனி அடைப்பிலோ, கழுத்துத் தமனியில் படிந்த கொழுப்பிலிருந்தோ இதயத்திலிருந்தோ பிய்ந்துவரும் துணுக்கே வழக்கமான காரணம். பனம்பழம் முற்றுவது என்பது இதுதான்.

வைரஸுக்கு உள்ள மூன்று வழிகள்

வைரஸ் தானாக ஒரு குழாயை அடைக்க முடியாது. அது தந்துகியைவிட பல மடங்கு சிறியது. ஆயிரக்கணக்கில் சேர்ந்தாலும் வாய்க்காலில் மிதக்கும் தூசுதான். ஃபிர்ஹோவின் மூன்று காரணங்களில் ஒன்றைத் தூண்டிவிட்டே அது அடைப்பை உண்டாக்குகிறது.

முதல் வழி, குழாயின் சுவருக்குள் குடியேறுவது. எல்லா ரத்தக்குழாய்களின் உட்புறத்தையும் ஒற்றை அடுக்குச் செல்கள் வரிசையாகப் போர்த்தியிருக்கின்றன. இவற்றை உள்வரிச் செல்கள் எனலாம். நலமாக இருக்கும்வரை அவை ரத்தத்தை உறையவிடாத பொருள்களைச் சுரந்து, சுவரை வழுவழுப்பாக வைத்திருக்கும். வைரஸ் புகுந்து அவற்றைக் கெடுத்தால் அந்தச் சுரப்பு குறையும். உறைவைத் தூண்டும் புரதங்கள் மேலே வரும். தட்டணுக்கள் வந்து ஒட்டும். சுவர் வீங்கி உள்வழி குறுகும்.

இரண்டாவது வழி, உடலின் எதிர்ப்பாற்றல் வழியாக வருவது. வைரஸை அழிக்க வரும் வெள்ளணுக்கள் குழாயின் சுவரைச் சுற்றிக் குவிகின்றன. கண்ணின் உள்ளே பார்க்கும் மருத்துவருக்கு, குழாயை ஒட்டி வெள்ளை உறை மாட்டியதுபோல் அது தெரியும். ரத்தக்குழாய் அழற்சி என்பது இதன் பெயர். இங்கே வைரஸ் ஏற்கெனவே போயிருக்கலாம். எதிர்ப்பு மட்டும் அடங்காமல் நீடித்து அடைப்பை உண்டாக்கும். காய்ச்சல் விட்டபிறகு பார்வை மங்குவது ஏன் என்பதற்கான விளக்கங்களில் இது முக்கியமானது.

மூன்றாவது வழியில் ரத்தமே மாறுகிறது. கடுமையான எந்தத் தொற்றிலும் உறைவுப் புரதங்கள் கூடுகின்றன, தட்டணுக்கள் சீண்டிவிடப்படுகின்றன, காய்ச்சலில் நீர் வற்றி ரத்தம் கெட்டிப்படுகிறது. இந்த வழியின் வலிமையைக் காட்டும் அளவு இதயத்திலிருந்து கிடைத்தது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இன்ஃப்ளூயன்சா காய்ச்சல் சோதனையில் உறுதியானவர்களை ஆராய்ந்து 2018இல் ஒரு ஆய்வு வெளியானது. அதே நபர்களின் மற்ற வாரங்களோடு ஒப்பிட்டால், காய்ச்சல் உறுதியான முதல் 7 நாளில் மாரடைப்பு சுமார் 6 மடங்கு அதிகமாக இருந்தது. சாதாரணமாகக் கருதப்படும் ஒரு காய்ச்சலே ரத்தக்குழாய்களுக்கு ஒரு வாரம் எவ்வளவு நெருக்கடியானது என்பதை இந்த எண் சொல்கிறது.

சந்தேகமில்லாத வழக்கு: அக்கி வைரஸ்

வைரஸ் கண்ணின் ரத்தக்குழாயை அடைக்குமா என்ற கேள்விக்கு, ஐயத்துக்கு இடமில்லாமல் ஆம் என்று சொல்லவைப்பது சின்னம்மை வைரஸ். சிறுவயதில் அம்மை போட்டு இறங்கியபின் அது உடலை விட்டுப் போவதில்லை. நரம்பு முடிச்சுகளில் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடந்து, முதுமையிலோ எதிர்ப்பாற்றல் குறையும்போதோ விழித்து, ஒரு நரம்பின் தடத்தில் கொப்புளங்களாக வெளிவருகிறது. கிராமங்களில் காவியால் எழுதி ஆற்ற முயலும் அக்கி இதுதான். அது நெற்றியில் வந்தால் கண்ணுக்கு ஆபத்து. மூக்கின் நுனியில் கொப்புளம் தெரிந்தால் ஆபத்து இன்னும் அதிகம். ஏனெனில் மூக்கு நுனிக்கும் கண்ணின் உள்ளுக்கும் ஒரே நரம்பின் கிளை போகிறது.

இந்த வைரஸ் ரத்தக்குழாயை வந்தடையும் பாதை மற்றவற்றிலிருந்து வேறுபட்டது. முகத்துக்கும் கண்ணுக்கும் உணர்வு தரும் நரம்பின் இழைகள் தலையிலுள்ள தமனிகளின் வெளிச்சுவரிலும் போய் முடிகின்றன. வைரஸ் அந்த இழை வழியே ஊர்ந்து தமனியின் வெளிச்சுவரைத் தொட்டு, அங்கிருந்து உள்நோக்கிப் பரவுகிறது. அக்கி வந்து சில வாரங்களில் சிலருக்குப் பக்கவாதம் வருவதற்கு இது ஒரு காரணம்.

விழித்திரையில் இதே வைரஸ் உண்டாக்கும் கடும் நோய் ஒன்று உண்டு. 1971இல் ஜப்பானில் உராயாமாவும் அவருடன் பணியாற்றியவர்களும் 6 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். கண்ணுக்குள் கடும் அழற்சி, தமனிகளைச் சுற்றி வெள்ளை உறை, விழித்திரையின் ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கி நகரும் வெண்மை, கடைசியில் விழித்திரை பிரிந்து விழுதல் என்பவை அவர்கள் கண்டவை. காரணம் அப்போது தெரியவில்லை. தீவிர விழித்திரை அழுகல் என்று இன்று இந்நோய் அறியப்படுகிறது.

1982இல், அமெரிக்காவில் இந்நோயால் பார்வை போய் அகற்றப்பட்ட ஒரு கண் ஆய்வுக்கு வந்தது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அதன் விழித்திரைச் செல்களுக்குள் அக்கி வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்த துகள்கள் வரிசையாகத் தெரிந்தன. அதே திசுவின் தமனிகளில் அழற்சியும் இருந்தது. குற்றம் நடந்த இடத்திலேயே குற்றவாளி பிடிபட்டதற்கு ஒப்பானது இது. பின்னர் இந்த வைரஸைக் கண்ணிலிருந்து எடுத்து வளர்க்கவும் முடிந்தது. வாய்ப்புண் வைரஸும் அதன் உறவினமும்கூட இதே நோயை உண்டாக்கும் என்பதும் தெரியவந்தது.

1994இல் அமெரிக்க நிபுணர் குழு இந்நோயைக் கண்டறிய வகுத்த அடையாளங்களில், தமனிகளைப் பாதிக்கும் ரத்தக்குழாய் அடைப்பு ஒன்று. அடைப்பு இங்கே தற்செயலாக வந்து சேரும் சிக்கல் அல்ல; நோயின் இலக்கணத்திலேயே அது இடம்பெற்றிருக்கிறது.

நோய் மிக அரிது. பிரிட்டனில் ஆண்டுக்கு 16 முதல் 20 லட்சம் பேரில் ஒருவருக்குத்தான் வருவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆனால் வந்தவருக்கு ஒவ்வொரு நாளும் விலைமதிப்பானது. அசைக்ளோவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை உடனே தொடங்கினால் வெண்மை பரவுவது நிற்கும்; மற்றக் கண்ணுக்குப் பரவும் ஆபத்தும் குறையும். மருந்து வைரஸைத் தடுத்ததும் நோய் நிற்கிறது என்பதே வைரஸ்தான் காரணம் என்பதற்கு இன்னொரு சாட்சி.

கொசு கொண்டுவரும் காய்ச்சல்கள்

டெங்கு வந்தவர்களில் சிலருக்கு, காய்ச்சல் தொடங்கி ஏறக்குறைய ஒரு வாரத்தில், தட்டணு எண்ணிக்கை அடிமட்டத்தில் இருக்கும் நாள்களில், பார்வையின் நடுவே ஒரு நிழல் விழுகிறது. படிக்கும்போது வரியின் நடுவில் இரண்டெழுத்து காணாமல் போகும். விழித்திரையின் நடுப்பகுதியில் நுண்குழாய்கள் அடைபடுவதும் கசிவதும் இதற்குக் காரணம். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் பார்வை திரும்பிவிடுகிறது; சிலருக்கு அந்த நிழல் தங்கிவிடுகிறது.

சிங்கப்பூரில் நிகழ்ந்த இரண்டு டெங்குப் பரவல்கள் இங்கே பாடமாகின்றன. 2005இல் பரவியது பெரும்பாலும் டெங்கு வைரஸின் முதல் வகை. மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட நோயாளிகளில் சுமார் 10 சதவீதத்தினருக்கு இந்தக் கண் பாதிப்பு காணப்பட்டது. 2007இல் பரவியது பெரும்பாலும் இரண்டாம் வகை. அப்போது பரிசோதித்தவர்களிடம் இது தென்படவில்லை. ஊர் அதே, கொசு அதே, காய்ச்சலின் பெயரும் அதே. வைரஸின் வகை மாறியதும் கண்ணின் கதை மாறிவிட்டது. டெங்குக்குப் பின் பார்வை மங்குவது வெறும் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது என்பதற்கு இந்த ஒப்பீடு நல்ல ஆதாரம்.

2006இல் தென்னிந்தியாவில் சிக்குன்குனியா பரவியபோது மதுரை, பெங்களூரு கண் மருத்துவமனைகளில் ஒரு புதிய காட்சி தெரிந்தது. மூட்டு வலியோடு காய்ச்சல் வந்துபோனவர்கள் சில வாரம் கழித்துப் பார்வை மங்கி வந்தார்கள். விழித்திரையில் வெண்திட்டுகள், கசிவு, சிலருக்குக் குழாய் அடைப்பு. பிற்பாடு தமிழ்நாட்டில் இதேபோல் காய்ச்சலுக்குப் பின் விழித்திரை அழற்சியோடு வந்த சிலரிடம் மூலக்கூறுச் சோதனைகள் வேறொரு வைரஸைக் காட்டின. அது மேற்கு நைல் வைரஸ். அதுவும் கொசுவால் பரவுவதுதான். விழித்திரைக் குழாய்களை அடைக்கும் அழற்சி அதன் அடையாளங்களில் ஒன்று. ஆப்பிரிக்காவின் ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சலும் இந்த வரிசையில் சேரும். 1977இல் எகிப்தில் அது பெரிய அளவில் பரவியபின், பலருக்கு விழித்திரையின் நடுவே குழாய் அடைப்பும் நிரந்தரப் பார்வைக் குறைவும் ஏற்பட்டன.

இந்தக் காய்ச்சல்களில் அடைபடுவது பெரும்பாலும் நுண்குழாய்கள் அல்லது அழற்சியால் சுருங்கிய கிளைகள். வயது, கொதிப்பு, நீரிழிவு எதுவும் இல்லாத இளைஞர்களுக்கும் வருகிறது. பழம் முற்றாமலே விழும் இடங்கள் இவை.

கொரோனாவும் 4 லட்சம் பேரின் கணக்கும்

2020 முதல் இந்தக் கேள்வி உலகெங்கும் பெரிதாக எழுந்தது. கொரோனா வைரஸ் ரத்தக்குழாய்களின் உள்வரிச் செல்களைப் பாதிப்பதும், கடும் நோயாளிகளின் நுரையீரலிலும் கால்களிலும் ரத்தம் உறைவதும் தெளிவாகத் தெரிந்தன. கண்ணில் சிரை அடைத்த நோயாளிகளைப் பற்றிய தனித்தனிக் குறிப்புகள் பல நாடுகளிலிருந்து வந்தன. ஆனால் கோடிக்கணக்கானோருக்குத் தொற்று வந்த காலத்தில், சிரை அடைப்பு வரவேண்டியிருந்த பலருக்கும் அதற்கு முன் கொரோனா வந்திருக்கும். ஒரு நோயாளியை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. கூட்டத்தை எண்ண வேண்டும்.

அப்படி எண்ணிய ஆய்வு ஒன்றைப் படிப்படியாகப் பார்ப்பது பயன்தரும். அமெரிக்காவின் தெற்குக் கலிஃபோர்னியாவில் கைசர் பெர்மனெண்டே என்ற பெரிய மருத்துவ அமைப்பு, தன்னிடம் பதிவான 4,32,515 கொரோனா நோயாளிகளின் ஆவணங்களை எடுத்துக்கொண்டது. 2020 ஜனவரி முதல் 2021 மே வரை தொற்று உறுதியானவர்கள் அவர்கள். முடிவுகள் 2022இல் வெளிவந்தன.

முதல் படி: தொற்றுக்குப் பின் வந்த புதிய அடைப்புகளை எண்ணுவது. சிரை அடைப்பு 65 பேருக்கு, தமனி அடைப்பு 16 பேருக்கு வந்திருந்தது. சிரை அடைப்பை மட்டும் பார்த்தால், சுமார் 6,650 பேரில் ஒருவர். கொரோனா வந்த அத்தனை பேரும் அஞ்சவேண்டிய அளவு அல்ல இது.

இரண்டாம் படி: எதனோடு ஒப்பிடுவது என்று முடிவு செய்வது. தொற்று வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டால், இரு குழுவினரின் வயதும் உடல்நிலையும் வேறுவேறாக இருந்து கணக்கைக் குழப்பும். அதனால் தொற்றுக்கு முந்தைய 6 மாதத்தையும் பிந்தைய 6 மாதத்தையும் ஒப்பிட்டார்கள். வயது, பாலினம், நீரிழிவு, ரத்தக் கொதிப்பு, கொழுப்பு ஆகியவற்றின் பாதிப்பையும் கணக்கில் சரிக்கட்டினார்கள். தொற்றுக்குப் பின் சிரை அடைப்பு 1.54 மடங்காக, அதாவது சுமார் ஒன்றரை மடங்காகக் கூடியிருந்தது. அது மிக அதிகமாகக் காணப்பட்டது 6 முதல் 8 வாரங்களுக்கு இடையில்.

மூன்றாம் படி: இந்த ஒன்றரை மடங்கை மனிதர்களாக மாற்றிப் பார்ப்பது. 65ஐ 1.54ஆல் வகுத்தால் ஏறக்குறைய 42. அதாவது 65 பேரில் சுமார் 42 பேருக்கு, கொரோனா வராமலிருந்தாலும் அந்த அரையாண்டில் சிரை அடைத்திருக்கும். மிச்சமுள்ள சுமார் 23 பேரின் அடைப்பைத்தான் தொற்றின் கணக்கில் எழுத முடியும். தொற்று வந்தவர்களில் அது சுமார் 19,000 பேருக்கு ஒருவர். தொற்றுக்குப் பின் சிரை அடைத்த மூன்று பேரை வரிசையாக நிறுத்தினால், இருவருக்குக் காகம் காரணமல்ல, ஒருவருக்குக் காரணம். அந்த ஒருவர் யார் என்பதை மட்டும் இந்தக் கணக்கு காட்டாது.

நான்காம் படி: எண்ணின் உறுதியைச் சோதிப்பது. அந்த 1.54 என்பது ஒரு மைய மதிப்பு. உண்மை 1.05 மடங்கிலிருந்து 2.26 மடங்குவரை எங்கும் இருக்கக்கூடும் என்பது ஆய்வின் கணிப்பு. கீழ் எல்லை ஏறக்குறைய மாற்றமின்மையைத் தொடுகிறது. தமனி அடைப்பில் கூடுதல் 1.35 மடங்காகத் தெரிந்தாலும், 16 பேரை வைத்து அதைத் தற்செயலிலிருந்து பிரிக்க முடியவில்லை. இன்னொரு ஐயமும் எழும். ஊரடங்கு நாள்களில் பலர் கண் மருத்துவமனைக்கே போகவில்லை. தொற்றுக்கு முந்தைய மாதங்களில் வந்த அடைப்புகள் பதிவாகாமல் விடுபட்டிருந்தால், பிந்தைய எண்ணிக்கை கூடியதுபோலத் தோன்றும்.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது, கொரோனா சிரை அடைப்பைச் சற்றே கூட்டுகிறது என்பது நம்பத்தக்க முடிவு. பெரும்பாலும் அது முற்றிய பழத்தை முன்னதாக விழவைக்கும் காகம்.

தனி ஒருவருக்கு எப்படி முடிவு செய்வது

கூட்டத்தின் கணக்கு மருத்துவரின் அறையில் பாதி வழிதான் உதவும். எதிரே அமர்ந்திருக்கும் ஒருவரின் அடைப்புக்கு வைரஸ் காரணமா என்று அறிய வேறு தடயங்கள் வேண்டும்.

கண்ணுக்குள் அழற்சி இருக்கிறதா என்பது முதல் தடயம். கொதிப்பால் வரும் சிரை அடைப்பில் கண்ணின் உள்நீர் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். வைரஸ் நேரடியாகத் தாக்கிய கண்ணில் வெள்ளணுக்கள் தூசுபோல மிதக்கும். குழாய்களில் வெள்ளை உறை தெரியும். விழித்திரையில் வெண்திட்டுகள் இருக்கும். கையில் மஞ்சள் சாயத்தை ஊசியால் செலுத்தி எடுக்கும் ஆஞ்சியோகிராம் படத்தில், எந்தக் குழாய் அடைத்திருக்கிறது, எந்தச் சுவர் அழற்சியால் கசிகிறது என்பது பிரிந்து தெரியும்.

அடைபட்ட இடம் இரண்டாவது தடயம். தமனியும் சிரையும் குறுக்காகத் தாண்டும் சந்தியில் அடைப்பு இருந்தால் சந்தேகம் கொதிப்பின் மேல் விழும். விழித்திரையின் ஓரத்தில் பல தமனிகள் ஒரே நேரத்தில் அடைத்திருந்தால் அக்கி வைரஸின் மேல் விழும்.

வைரஸைத் தேடிப் பிடிப்பது மூன்றாவது தடயம். கண்ணின் முன்னறையிலிருந்து மிக மெல்லிய ஊசியால் சில துளி நீரை எடுத்துப் பி.சி.ஆர். சோதனை செய்தால் அக்கி வைரஸ் குடும்பம் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். டெங்கு, சிக்குன்குனியா போன்றவற்றுக்கு ரத்தத்தில் எதிர்ப்புப் புரதங்களைத் தேடுவதே வழக்கம். அது தொற்று வந்ததைச் சொல்லும். கண்ணைக் கெடுத்தது அதுதான் என்று தனியே நிரூபிக்காது.

நான்காவது தடயம் காலம். டெங்கு என்றால் ஒரு வாரத்தை ஒட்டி, சிக்குன்குனியா என்றால் சில வாரங்கள் கழித்து என்ற பொருத்தம் இருக்க வேண்டும். ஓராண்டுக்கு முன் வந்த சளிக்காய்ச்சலை இன்றைய அடைப்போடு முடிச்சுப்போட முடியாது.

சிகிச்சை எங்கே பிரிகிறது

காரணத்தைத் தேடுவது மருந்தைத் தேர்ந்தெடுப்பதற்காகவும்தான். அக்கி வைரஸ் என்றால் வைரஸ் எதிர்ப்பு மருந்து முதலில் வரவேண்டும். அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டை அதன் துணையில்லாமல் கொடுத்தால் வைரஸ் தடையின்றிப் பெருகும். டெங்குக்கும் சிக்குன்குனியாவுக்கும் வைரஸை நேரடியாக அழிக்கும் மருந்து வழக்கத்தில் இல்லை. அழற்சி கடுமையாக இருந்தால் ஸ்டீராய்டு தந்து கவனித்துவருவார்கள். சாதாரண சிரை அடைப்பில் விழித்திரையின் நடுவே நீர் கோத்திருந்தால், கசிவைத் தடுக்கும் மருந்தைக் கண்ணுக்குள் ஊசியாகப் போடுகிறார்கள். கொரோனாவுக்குப் பின் வந்த சிரை அடைப்புக்கும் இதே சிகிச்சைதான்.

காய்ச்சல்மேல் பழியைப் போட்டு அதோடு நிறுத்திக்கொள்வதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. சிரை அடைத்த ஒருவருக்கு ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் இருப்பது அன்றுதான் முதன்முதலாகத் தெரியவருவது அபூர்வமல்ல. அவற்றைச் சோதிக்காமல் விட்டால், அடுத்து அடைபடுவது மற்றக் கண்ணாக இருக்கலாம், இதயமாகவோ மூளையாகவோ இருக்கலாம். எனவே காய்ச்சலுக்குப் பின் வந்த அடைப்பானாலும் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, கண் நீர் அழுத்தம் ஆகிய நான்கும் கட்டாயம் பார்க்கப்படுகின்றன. வயது குறைந்தவர்களுக்கு ரத்தம் உறையும் தன்மைக்கான சோதனைகளும் சேர்க்கப்படும்.

தமனி அடைப்புக்கு மட்டும் இந்த ஆராய்ச்சியெல்லாம் பிறகுதான். வலியில்லாமல் ஒரு கண் சட்டென்று இருண்டுபோனால், அது பக்கவாதத்துக்கு இணையான அவசரம். பார்வை சிறிது நேரத்தில் திரும்பிவந்தாலும் அன்றே பக்கவாத சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஏனெனில் அதே கழுத்துத் தமனியிலிருந்து பிய்ந்த அடுத்த துணுக்கு மூளைக்குப் போகலாம். காய்ச்சல் காலத்திலோ அது விட்ட சில வாரங்களிலோ கண்முன் நிழல், மிதக்கும் கரும்புள்ளிகள், வளைந்து தெரியும் கோடுகள், நெற்றியில் கொப்புளங்களோடு மங்கும் பார்வை ஆகியவற்றில் ஏதேனும் வந்தால், தானாகச் சரியாகும் என்று காத்திராமல் பாவையை விரித்து விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்வதே முறை. ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாக மூடி, நாள்காட்டியின் எழுத்தைப் படித்துப் பார்ப்பது வீட்டிலேயே செய்யக்கூடிய முதல் சோதனை.